கயிற்றில் ஓர் இடம்

இலங்கைப் பாடசாலைகளில் 'இணைப்பாடவிதானச் செயற்பாடுகள்' என்று வழங்கப்படுபவை, பரீட்சைக்குரிய பாடமாக நேரசூசியில் இடம்பெறாவிட்டாலும் பாடசாலையின் பொறுப்பிலேயே நடப்பவையாகும். இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ் மொழித்தினப் போட்டி, மாணவர் மன்றம், சாரணியம், பாண்ட் வாத்தியக் குழு, சுற்றாடல் முன்னோடிக் குழு, மீலாத் விழா, வாணி விழா, ஒளிவிழா ஆகிய யாவும் இப்பெயருக்குள் அடங்கும். ஆளுமையை வளர்த்தல், தலைமைத்துவத்தைப் பயிற்றல், ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கல் என்று சுற்றுநிருபங்களும் ஆசிரியர் கைந்நூல்களும் இவற்றுக்குக் கூறும் நியாயங்கள் பிழையானவை அல்ல. ஆயினும் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்துத் தமிழ்மொழி மூலப் பாடசாலையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இச்செயற்பாடுகளுக்குப் பொறுப்பாசிரியராக இருந்த இக்கட்டுரையாளரின் அனுபவத்தில், இவை ஆற்றும் முதன்மையான பணி வேறொன்றாகும். ஒரு பிள்ளை தான் படிக்கும் இடத்தை 'எங்கட ஸ்கூல்' என்று வாய் கூசாமல் சொல்லும் நிலைக்கு வருவதற்கு வகுப்பறையைக் காட்டிலும் இவையே பெரிதும் காரணமாகின்றன. இந்நிலையைக் கல்வியியலாளர் உரித்துணர்வு என்பர். அமெரிக்கக் கல்வி உளவியலாளரான கரோல் குட்இனோ 1993 இல் வகுத்த விளக்கத்தின்படி, பாடசாலைச் சூழலில் தான் ஏற்றுக்கொள்ளப்படுவதாகவும் மதிக்கப்படுவதாகவும் சேர்த்துக்கொள்ளப்படுவதாகவும் தாங்கப்படுவதாகவும் மாணவர் உணரும் அளவே அது.

அவ்வுணர்வு இக்கரையில் தானாக விளைவதில்லை என்பதற்கு நிலமும் தொழிலும் வரலாறும் காரணங்களாகும். தெற்கே சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், மதுரங்குளி, பாலாவி வழியாகப் புத்தளம் நகர்வரையும், அங்கிருந்து களப்பைச் சுற்றிக் கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரையும் செல்லும் பாதையில், கரைவலைக்காரரும் களப்பில் இறால் பிடிப்போரும் உப்பளத் தொழிலாளரும் தென்னந்தோட்டத்தாரும் மணலில் வெங்காயமும் மிளகாயும் செய்வோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். சிங்களவர் பெரும்பான்மையாக உள்ள இம்மாவட்டத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் கத்தோலிக்கரும் கடலை ஒட்டிய ஊர்களிலேயே செறிந்துள்ளனர். பாடசாலைகள் மொழியாலும், பெருமளவுக்குச் சமயத்தாலும் பிரிந்தவை. ஒரே களப்பில் வலை வீசும் இரு தகப்பன்மாரின் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கும் வாய்ப்பு அரிது. இதற்கு மேலாக, தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனவக் குடும்பங்களிற் பல கிழக்குக் கரைக்குச் சென்று வாடியடித்துத் தங்குவதால் (வாடி என்பது பருவகாலத்துக்கு மட்டும் கடற்கரையில் அமைக்கப்படும் மீனவர் குடில்), வரவுப் பதிவேட்டில் வைகாசி முதல் புரட்டாதி வரை சில பெயர்களுக்கு எதிரே சிவப்புக் கோடு நீண்டுகொண்டே போகும்.

இவ்வாறு அசைந்துகொண்டிருந்த சமூகத்தின்மீதுதான் 1990 ஆம் ஆண்டின் பேரிடர் வந்து விழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களை இழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டமே. கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளம், முந்தல் பகுதிகளிலும் தென்னந்தோப்புகளுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. காலையில் உள்ளூர்ப் பிள்ளைகளும் பிற்பகலில் இடம்பெயர்ந்த பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் படித்த நாட்கள் பல பாடசாலைகளின் நினைவில் உண்டு. சில ஊர்கள் தம் பாடசாலையின் பெயரையே சுமந்து வந்தன: மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியார் நாகவில்லுவில் குடியேறியபோது அங்கு எழுந்த பாடசாலைக்கும் எருக்கலம்பிட்டி என்ற பெயரே நிலைத்தது. ஊர் போனாலும் ஊரின் பெயர் ஒரு பாடசாலைப் பலகையில் இருந்தால் போதும் என்று பெரியவர்கள் எண்ணியதன் ஆழத்தை, 1990களின் நடுப்பகுதியில் பணியில் சேர்ந்த இக்கட்டுரையாளரைப் போன்ற இளம் ஆசிரியர்கள் அப்போது முழுமையாக விளங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு நேரப் பாடசாலையின் உண்மையான சிக்கல் இடநெருக்கடி மட்டுமன்று. இரண்டு வரவுப் பதிவேடு, இரண்டு காலைக்கூட்டம் (அவற்றுள் ஒன்று நண்பகலில் நடந்தது), மணியடிக்க இரண்டு மாணவர் என்று யாவும் இரட்டையாக இருந்தபோதும் மைதானம் ஒன்றாகவே இருந்தது. காலைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழியில் மைதானத்தில் தங்கி விளையாடினால் பிற்பகற் பிள்ளைகள் சாளரத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பர். 'அகதி' என்ற சொல் அக்காலத்தில் நிவாரண அட்டையில் எழுதப்பட்ட நிருவாகச் சொல்லாகவும், உதைபந்து வெளியே போகும்போது ஒரு பையன் மற்றவனை நோக்கி எறியும் வசைச்சொல்லாகவும் ஒரே வேளையில் வழங்கியது. பின்னர் நேரங்கள் ஒன்றாக்கப்பட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டபோதும், வாங்குகள் ஊர்வாரியாகவே நிரம்பின. வகுப்பாசிரியர் இடம் மாற்றி அமர்த்தினால் இடைவேளை மணிக்குப் பின் அவை பழையபடி திரும்பிவிடும்.

இந்த ஒழுங்கை உடைத்தது இல்ல முறையே என்பதும், அது திட்டமிடாமலே அதைச் செய்தது என்பதும் இங்கு விரிவாகக் கூறத்தக்கவை. ஆங்கிலேய விடுதிப் பாடசாலைகளில் மாணவர் தங்கிய மனைகளைக் கொண்டு தோன்றிய இம்முறை, மிசனரிக் கல்லூரிகள் வழியாக இலங்கைக்கு வந்து, விடுதியே இல்லாத கிராமப் பாடசாலைகளிலும் விளையாட்டுப் போட்டிக்கான பிரிவாக நிலைபெற்றது. இந்துப் பாடசாலைகளில் நாவலர், விபுலாநந்தர் போன்ற பெரியோர் பெயர்களையும், முஸ்லிம் பாடசாலைகளில் சபா, மர்வா, அரபா, ஹிரா போன்ற புனித இடங்களின் பெயர்களையும் இல்லங்கள் பெறுவது வழக்கம். மாணவர் எந்த இல்லத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பல பாடசாலைகள் சேர்விலக்கத்தைக் கொண்டு தீர்மானிக்கின்றன. அதாவது, சேர்வுப் பதிவேட்டில் பிள்ளைக்குக் கிடைத்த தொடரிலக்கத்தை இல்லங்களின் எண்ணிக்கையால் வகுக்கும்போது எஞ்சுவது எதுவோ அதுவே அப்பிள்ளையின் இல்லம். இக்கணக்குக்கு ஊர் தெரியாது, தகப்பனின் தொழில் தெரியாது, வந்த ஆண்டும் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு: அண்ணன் அல்லது அக்கா ஏற்கெனவே படித்தால் தம்பி தங்கையரும் அதே இல்லத்தில் சேர்வர். ஆகவே முதற்பிள்ளையைக் கணக்கு எங்கே போட்டதோ அங்கே அக்குடும்பம் முழுவதும் வேரூன்றும். 'எங்கட நானாவும் சபா, லாத்தாவும் சபா' என்று தரம் 6 பிள்ளை பெருமை பேசும்போது, அது பேசுவது பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கிருந்தோ வந்து இறங்கிய குடும்பத்துக்குப் பாடசாலையில் உண்டான முதுசொத்தைப் பற்றியே. வாங்கில் ஊர்வாரியாக அமர்ந்த பிள்ளைகள் பெப்ரவரி மாதத்து வெயிலில் ஒரே நிறச் சட்டையோடு ஒரே கிடுகுப் பந்தலின் கீழ் அமர்ந்தனர். இல்லம் என்ற சொல்லை இதற்கு முதலில் தெரிந்தெடுத்தவர் யாராயினும் நல்ல தமிழ் அறிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

எனினும் பந்தலின் கீழ் அமர்வது ஒன்று, அதன் கால் நடுவது வேறொன்று. இவ்வேறுபாட்டை விளக்க, இக்கரையின் தொழிலொன்றையே எடுத்துக்கொள்வது பொருந்தும். கரைவலை என்பது, வலையின் ஒரு பக்கக் கயிற்றைக் கரையில் விட்டுத் தோணியில் கடலுக்குள் சென்று அரைவட்டமாக வலையை வளைத்து மறுபக்கக் கயிற்றோடு கரைக்குத் திரும்பி, இரு கயிற்றையும் இரு வரிசை மனிதர் இழுத்து மடியைக் கரைசேர்க்கும் முறையாகும். வலையின் உரிமையாளரான சம்மாட்டியும், மீனின் போக்கைப் பார்த்து வலை வளைப்பை நடத்தும் மண்டாடியும் முதன்மையானவர்களாயினும், கயிற்றைப் பிடிக்கும் கைகள் போதாவிட்டால் ஒருபக்கம் முந்தி மறுபக்கம் பிந்தி மீன் தப்பிவிடும். அதனாலேயே இழுப்பவர்களின் அடியும் மூச்சும் ஒன்றாக அம்பாப் பாட்டு பாடப்பட்டது. அதனாலேயே, செலவு கழித்த பின் வரும் பணத்தில் கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. ஒருவர் வராத நாளில் அவருடைய இடம் வெறுமையாகத் தெரியும், 'அவன் எங்கே?' என்று கேள்வி எழும். உரித்துணர்வின் அடிப்படை இக்கேள்விதான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. பாராட்டப்படுவதால் மட்டும் ஒரு பிள்ளை தன்னைப் பாடசாலைக்கு உரியதாக உணர்வதில்லை. தான் வராவிட்டால் ஏதோ ஒன்று நின்றுவிடும் என்று அறிவதாலேயே உணர்கிறது.

இதே கருத்தை வேறொரு வழியில் கண்டறிந்த ஆய்வொன்று 1964 இல் அமெரிக்காவில் நூலாக வெளிவந்தது. ரோஜர் பார்க்கர், போல் கம்ப் என்போர் கன்சாஸ் மாநிலத்தில் 35 மாணவர் கொண்ட பள்ளி முதல் 2,287 மாணவர் கொண்ட பள்ளி வரை பதின்மூன்று உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்தனர். பெரிய பள்ளியில் செயற்பாடுகளின் வகைகள் அதிகமாயினும், சிறிய பள்ளியின் மாணவரே சராசரியாகக் கூடுதலான செயற்பாடுகளில் பொறுப்பு வகித்தனர். நாடகத்துக்கு ஆள் போதாது, ஆகவே கூச்சமுள்ளவனையும் மேடையேற்றியாக வேண்டும். பாண்ட் குழுவுக்குக் கை போதாது, ஆகவே தாளம் பிசகுபவனுக்கும் மேளம் கொடுத்தாக வேண்டும். ஆள் குறைவு என்பது பிள்ளைகள்மீது ஓர் அழைப்பாகவும் கடமையாகவும் இறங்குகிறது என்பதே அவர்களின் முடிவு. கரையோரத்துச் சிறிய பாடசாலைகள் தம் சிறுமையைக் குறைபாடாக மட்டுமே எண்ணி வருந்துகின்றன. அவற்றிடம் பெரிய நகரக் கல்லூரிகளிடம் இல்லாத இந்த ஒரு செல்வம் இருப்பதை எடுத்துச் சொல்வார் குறைவு.

அச்செல்வத்தை வீணடித்த தவறு இக்கட்டுரையாளரின் பணிக்காலத்திலும் நிகழ்ந்தது. தமிழ் மொழித்தினப் போட்டி பாடசாலை மட்டத்தில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறுவது. ஒவ்வொரு படியிலும் வென்றவரே மேலே செல்வர். ஏணியின் அமைப்பே இவ்வாறு இருப்பதால், வில்லுப்பாட்டுக்கும் பேச்சுக்கும் பாவோதலுக்கும் சென்ற ஆண்டு வென்ற அதே பிள்ளைகளை இவ்வாண்டும் தெரிவுசெய்வது பாதுகாப்பான வழியாகப் பொறுப்பாசிரியருக்குத் தோன்றும். அவ்வாறே சில ஆண்டுகள் ஒரே பன்னிரண்டு பிள்ளைகள் எல்லாப் போட்டிக்கும் சென்றனர். அதிபரின் அறையிலிருந்த கண்ணாடி அலுமாரி கேடயங்களால் நிரம்பியது. அவ்வாண்டுகளில்தான் தரம் 9 முடித்துத் தரம் 10 க்கு வராமல் களப்புக்கும் இறால் பண்ணைக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போன பையன்களின் எண்ணிக்கை பொறுப்பாசிரியரின் கண்ணில் பட்டது. பழைய பதிவேடுகளையும் நிகழ்ச்சி நிரல்களையும் ஒருநாள் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தபோது, இடைவிலகிய பெயர்களில் ஒன்றேனும் எந்த நிகழ்ச்சி நிரலிலும் எந்தப் பணியிலும் இடம்பெற்றிருக்கவில்லை என்பது தெரிந்தது. வறுமையே இடைவிலகலின் முதற்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை; ஆயினும் அதே வறுமையில் இருந்த வேறு சிலர் நின்றிருந்தனர். ஜெரமி ஃபின் என்பவர் 1989 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மாணவர் பாடசாலையை விட்டு விலகுவது ஒருநாள் முடிவு அன்று, பங்கேற்காமையில் தொடங்கிப் பற்று அறுவதில் முடியும் நீண்ட நடை என்று காட்டியிருப்பதை இக்கட்டுரையாளர் பின்னாளில் படித்தபோது, அந்நடையின் முதல் அடிகளைத் தாமே எடுத்துக்கொடுத்திருந்ததை உணர்ந்தார்.

கரைவலைக்கும் இதே மாற்றம் வந்தது. உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கிய இடங்களில் வலை விரைவாகக் கரைசேர்ந்தது. ஆனால் கரையில் தேவைப்பட்ட கைகள் குறைந்தன, அம்பாப் பாட்டு ஓய்ந்தது, பங்கு கேட்டு நிற்கக் கூடியவர்களும் குறைந்தனர். கேடயத்தை மட்டும் குறிவைக்கும் பாடசாலை வின்ச் பூட்டிய கரைவலையைப் போன்றது.

அதன்பின் பொறுப்பாசிரியர் மேற்கொண்ட மாற்றம் எளிமையானது. போட்டிக்கான பட்டியலை எழுதுவதற்கு முன், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் எத்தனை வேலைகள் உண்டு என்ற பட்டியல் எழுதப்பட்டது. இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் ஓடுபவரும் பாய்பவரும் எறிபவரும் மட்டுமே நினைவுக்கு வருவர். உண்மையில் சுண்ணாம்புக் கோடு கீறுதல், மணற்குழியைக் கிண்டி மட்டப்படுத்தல், நேரக்கணிப்பான்களைப் பொறுப்பேற்றல், புள்ளிப் பலகை எழுதுதல், அறிவிப்பு, முதலுதவி, தண்ணீர்ப் பந்தல், அணிநடைக்கு மேளம், பந்தலுக்குக் கிடுகு பின்னுதல், இல்ல அலங்காரத்துக்கு உப்பும் சிப்பியும் கிழிந்த வலையும் திரட்டுதல் என்று நூற்றுக்கு மேற்பட்ட வேலைகள் அங்கே உள்ளன. அவற்றை ஆசிரியர்களும் சிற்றூழியரும் பெற்றோரும் செய்துவந்ததால், பிள்ளைகளிற் பெரும்பகுதி பார்வையாளராகவே இருந்தது. பட்டியலிலிருந்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் எழுதப்பட்டு, அப்பெயர் நிகழ்ச்சி நிரலில் அச்சிடவும்பட்டது. கோடுகள் முன்போல் நேராக வரவில்லை, புள்ளிப் பலகையில் கூட்டல் ஒருமுறை பிழைத்தது. அவற்றைப் பொறுத்துக்கொள்ளுமாறு அதிபரையும் சக ஆசிரியர்களையும் இணங்கச் செய்வதே இம்மாற்றத்தில் கடினமான பகுதியாக இருந்தது.

இரவில் தகப்பனோடு களப்புக்குப் போய் விடியலில் வகுப்பில் தூங்கும் தரம் 9 மாணவர் ஒருவருக்குக் கயிறிழுத்தல் போட்டியின் கயிறு ஒப்படைக்கப்பட்டது. கயிற்றின் நுனி பிரியாமல் நூலால் வரிந்து கட்டும் வேலையை ஆசிரியர் எவரும் அறியார், அவர் அறிவார். இழுக்கும்போது எல்லாரும் ஒரே கணத்தில் பின்சாய வேண்டும் என்பதையும், அதற்கு ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் ஏற்றெடுக்க வேண்டும் என்பதையும் இல்லத்தின் பெரிய மாணவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். காய்ச்சலோடு ஒருநாள் வந்தவரை வீட்டுக்குப் போகச் சொன்னபோது, 'நான் போனா கயிற யாரு சேர் பாக்கிற?' என்றார். இக்கதையின் முடிவை மிகைப்படுத்துவது முறையன்று: அவர் சாதாரண தரப் பரீட்சையை எழுதினார், உயர்தரத்துக்கு வரவில்லை, இன்று களப்பில் தொழில் செய்கிறார். ஆனால் ஒவ்வோராண்டும் முதலாந் தவணை தொடங்கியதும், அழைக்காமலே வந்து களஞ்சிய அறையிலிருந்து அக்கயிற்றை எடுத்து நுனியைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

வேலைகளைப் பங்கிட்ட பின்னும் சிலர் வெளியே நின்றதற்குக் காரணம் நேரமாக இருந்தது. பயிற்சிகள் பாடசாலை விட்ட பின்னர் நடப்பது பொதுவழக்கு. அந்த ஒரு வழக்கே, தூர ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருவோர், மாலையில் குர்ஆன் மதரஸாவுக்குச் செல்வோர், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்பிள்ளைகள், தகப்பனோடு வலைக்குப் போவோர் ஆகிய அனைவரையும் ஒருங்கே விலக்கிவிடுகிறது. யார் உரியவர் என்பதை அதிபரோ ஆசிரியரோ தீர்மானிக்கவில்லை, கடைசி பஸ்ஸின் நேரம் தீர்மானித்தது என்றே சொல்ல வேண்டும். வாரத்தில் ஒருநாளின் இறுதி இரு பாடவேளைகளை மன்றங்களுக்கு ஒதுக்கியபோதுதான் பெண்பிள்ளைகளின் பங்கேற்பு உண்மையில் உயர்ந்தது. வலைப்பந்து அணிக்குத் தாய்மாரின் சம்மதம் பெறவும், அவர்கள் விரும்பிய ஆடையில் விளையாடவும் வழி செய்த பின் அது மேலும் உயர்ந்தது. சட்டைக்கும் சப்பாத்துக்கும் பணம் திரட்டும் வழக்கத்தைப் பற்றியும் இதையே கூறலாம். இல்லச் சட்டை வாங்க இயலாத பிள்ளை போட்டி நாளன்று 'காய்ச்சல்' என்று வராமலிருப்பதைக் கண்டும் காணாமலிருப்பது பொறுப்பாசிரியர் செய்யக்கூடிய பெரும் பிழை; நிறநாடா ஒன்றைக் கையில் கட்டினால் போதும் என்ற விதியே அதைத் தீர்த்துவிடும்.

பாடசாலைக்கு வெளியே ஊர் ஏற்கெனவே இவ்வாறு இயங்குவதை உடப்பில் காணலாம். அங்குள்ள திரௌபதையம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தில் பதினெட்டு நாட்கள் நடந்து தீமிதிப்போடு நிறைவுறும் விழாவில், மகாபாரதக் கதையின் கட்டங்கள் நிகழ்த்திக் காட்டப்படும்போது ஊரார் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. பணிகள் குடும்பங்களுக்கும் குழுக்களுக்கும் வழிவழியாகப் பகிரப்பட்டுள்ளன. இத்தகைய ஊரின் பிள்ளைக்கு வில்லுப்பாட்டோ கூத்தோ புதிதாகக் கற்பிக்க வேண்டியதன்று, கேட்டால் போதும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களை மேடையேற்றியபோது, கிராமத்து ஆட்டமும் பாட்டும் படித்தவர் அரங்கில் மதிப்புப் பெற்றன. அம்மதிப்பு கரையோரப் பாடசாலையின் மேடைக்கும் வந்து சேர வேண்டியது. அம்பாப் பாட்டை ஒரு பாட்டனாரிடமிருந்து கேட்டு எழுதிவந்து நாட்டார் பாடல் நிகழ்ச்சிக்குத் தந்த மாணவி, அன்று தன் பாட்டனாரைப் பாடசாலையின் முன்வரிசையில் அமர்த்தினாள்; அம்முதியவர் அதற்குமுன் எந்தப் பாடசாலையின் வாயிலையும் கடந்தவரல்லர். பிள்ளையின் உரித்துணர்வு வீட்டின் உரித்துணர்விலிருந்து பிரிக்க முடியாதது என்பதை அந்த ஒரு கதிரை காட்டிற்று.

மொழியால் பிரிந்த பாடசாலைகளின் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் வலய மட்ட விளையாட்டுப் போட்டியே. மாவட்டத்தின் இரு கல்வி வலயங்களான புத்தளத்திலும் சிலாபத்திலும் சிங்கள மொழி மூல, தமிழ் மொழி மூலப் பாடசாலைகள் ஒரே மைதானத்தில் இறங்குகின்றன. ஆயினும் அங்கு அவர்கள் எதிராளிகளாகவே சந்திக்கின்றனர். கோர்டன் ஆல்போர்ட் 1954 இல் எழுதிய நூலில், வெவ்வேறு குழுவினர் வெறுமனே சந்திப்பதால் முற்சாய்வு குறையாது, சம தகுதியோடு ஒரு பொது இலக்குக்காக ஒத்துழைக்கும்போதே குறையும் என்று கூறினார். இவ்விதிக்கு மிக அண்மையாக வருவது மாகாண அணியின் அஞ்சலோட்டமாகும்: வலயத்தில் எதிர்த்து ஓடிய ஒரு சிங்களப் பிள்ளையும் ஒரு தமிழ் பேசும் பிள்ளையும் வடமேல் மாகாணத்துக்காக ஒரே கோலைக் கைமாற்றும்போது, 'கன்ன' என்ற ஒரு சிங்களச் சொல்லும் 'புடி' என்ற ஒரு தமிழ்ச் சொல்லும் இருவருக்கும் பொதுவாகிவிடுகின்றன. இது மிகச் சிலருக்கே கிடைக்கும் அனுபவம் என்பதே இதன் குறை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின் வாயில்களில் புத்தகப்பைகள் சோதிக்கப்பட்ட மாதங்களில், வெளிநிகழ்ச்சிகள் நின்று இச்சிறு வழியும் அடைபட்டபோது, மாவட்டத்தின் சில ஊர்களில் வன்செயலும் மூண்டது. அக்காலத்தில் கலவையான அணியொன்றில் ஓடிய பிள்ளைகள் கைபேசியில் ஒருவரையொருவர் நலம் விசாரித்ததை இக்கட்டுரையாளர் அறிவார். அது கலவரத்தைத் தடுத்ததாகச் சொல்ல எவ்வித அடிப்படையும் இல்லை, ஆனால் அது நடந்தது.

சுற்றாடல் முன்னோடிக் குழுவின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தந்தது. 1980களிலிருந்து இறால் பண்ணைகள் பரவியதில் புத்தளம், முந்தல் களப்போரங்களின் கண்டற் காடு பெருமளவில் அழிந்தது. அதனால் கண்டற் கன்று நடுவது இங்குள்ள பாடசாலைகளின் விருப்பமான நிகழ்ச்சி. பதாகை, விருந்தினர், ஒளிப்படம் ஆகியவற்றோடு அது ஒரு முற்பகலில் முடிந்துவிடும். இலங்கையில் 23 மீள்நடுகை இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை என்று கண்டது. பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும் நட்டபின் பராமரியாததும் காரணங்களாகக் கூறப்பட்டன. நடுகை நாளில் இருநூறு பிள்ளைகள் சேற்றில் இறங்கலாம், ஆனால் அவர்களில் எவரும் அதன் பின் தேவைப்படுவதில்லை. இதைக் கண்ட பின், குழு நடுவதைக் குறைத்து எண்ணுவதைக் கூட்டியது: ஒவ்வொரு பிள்ளைக்கும் இலக்கமிட்ட பத்துக் கன்றுகள், மாதம் ஒருமுறை நீர்வற்றும் வேளையில் சென்று எத்தனை நிற்கின்றன, இலை எத்தனை, நண்டு கடித்ததா, பாசி சுற்றியதா என்று பதிதல். பத்தில் மூன்று நின்றால் மகிழ்ச்சி, ஒன்றும் நில்லாவிட்டால் ஏன் என்ற கேள்வி. வகுப்பில் குரலே எழுப்பாத பிள்ளைகள் இவ்வேலையில் நெடுங்காலம் நின்றதற்குக் காரணம், அங்கு மேடை இல்லை, கைதட்டல் இல்லை, ஆனால் பதிவுப் புத்தகத்தில் அவர்களுக்கென ஒரு வரி இருந்தது என்பதே.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டதும், 2022 இல் எரிபொருள் இன்றிப் போக்குவரத்து நின்றதும் இக்கட்டமைப்பை உலுக்கின. மீண்டும் திறந்தபோது பாடங்களைத் துரத்திப் பிடிப்பதற்காக முதலில் வெட்டப்பட்டவை மன்றப் பாடவேளைகளே. அது விளங்கிக்கொள்ளக் கூடியதாயினும் தவறான முடிவு என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். வராமலிருந்த பிள்ளைகளைத் தேடி வீடுகளுக்குச் சென்ற ஆசிரியர்களுக்கு, 'பாடம் நிறையப் போய்விட்டது, வா' என்பதைக் காட்டிலும் 'பாண்டில் பெரிய மேளத்துக்கு ஆளில்லை, வா' என்பதே பயன்பட்டது. முன்னது பிள்ளையின் குறையை நினைவூட்டியது, பின்னது பிள்ளைக்குரிய இடத்தை நினைவூட்டியது.

இன்றும் ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும், எந்தச் செயற்பாட்டிலும் எந்த வேலையும் இல்லாத பிள்ளைகளின் பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதும் வழக்கம் அப்பாடசாலையில் தொடர்கிறது. கேடயம் பெற்றவர்களின் பட்டியல் காலைக்கூட்டத்தில் வாசிக்கப்படும். இது வாசிக்கப்படுவதில்லை, பொறுப்பாசிரியரின் மேசை இலாச்சிக்குள் இருக்கும். அது ஒருபோதும் முழுமையாக வெறுமையானதில்லை. கடைசியாக எழுதப்பட்ட பட்டியலில் தரம் 8 இன் நான்கு பெயர்கள் எஞ்சியிருந்தன. அவர்களுள் இருவர் வைகாசியில் குடும்பத்தோடு முல்லைத்தீவுப் பக்கம் வாடிக்குச் சென்றதால் அத்தவணைக்கு வேலை இல்லாதவர்கள். ஐப்பசியில் கடல் அடங்கியதும் திரும்புவர். அவர்களுடைய கண்டற் கன்றுகள் இருபதையும் அதுவரை எண்ணிவைக்க வேறு இருவர் ஒப்புக்கொண்டுள்ளனர். புத்தகத்தில் அவர்களின் வரிகள் அவர்களின் பெயரிலேயே உள்ளன.